சபாபதி வக்கீலின் பழைய நேரம்

"வக்கீலய்யா போயிட்டாருங்க" என்று சரக்குக் கோடவுன் கூலியாள் ஆறுமுகம் வாசலில் நின்று சொன்னபோது எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, எரிச்சல். மறுநாள் ஒரு வழக்கு இருந்தது. அதை அப்படியே போட்டுவிட்டு சபாபதி எப்படிப் போகலாம்? இருபது வருடம் அவருக்குக் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இந்தக் கோபம்தான் பழக்கம். அவரை அறிந்த நாலைந்து பேருக்கு மட்டும் இதைக் கையால் எழுதி அனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

ஜப்பான்காரன் மலாய் நாட்டைப் பிடித்ததும் கடிகாரங்களையெல்லாம் ஒன்றரை மணி முன்னால் தள்ளி டோக்கியோ நேரம் வைக்கச் சொன்னான்; மீறினால் சிறை. ஊரே தள்ளியது, இவர் தள்ளவில்லை. கோர்ட்டு ஒன்பது மணிக்கு என்றால் இவர் கையில் ஏழரை. காஜா பெராங் தெருவில் அவர் வீட்டு வாசலில் நின்று தொண்டை வறளக் கத்துவேன். "வெயிலு என்ன சொல்லுதுன்னு பாருய்யா" என்று நிதானமாகக் கோட்டை மாட்டுவார்.

லாக்கப்பில் கிடப்பவனிடம் "சாப்பிட்டியா?" என்றுதான் முதலில் கேட்பார். "செஞ்சானான்னு கேக்க ஊரே இருக்கு. சாப்பிட்டானான்னு கேக்க நாமதான்" என்பார். கேட்பது அவர், அவித்த மரவள்ளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது நான். என் வீட்டிலேயே அது பத்தாது.

ஆறுமுகத்தின் வழக்கைச் சொல்லாமல் முடியாது. காலை எட்டு மணிக்கு ஜப்பான் பட்டாளத்துக் கோடவுனில் அரிசி மூட்டையைத் திருடினான் என்று குற்றச்சாட்டு. அதற்குத் தலை தப்பாது. மற்ற வக்கீல்களைப் போல மன்னிப்புக் கேட்டுவிடலாம், உயிராவது மிஞ்சும் என்று கெஞ்சினேன். "செய்யாதவன் எதுக்குய்யா மன்னிப்புக் கேக்கணும்?" என்றார்.

கம்போங் செட்டி என்ற செட்டிமார் குடியிருப்பிலிருந்து சாட்சிக்கு வந்த அம்மாள், அன்று காலை ஆறரை மணிக்கு ஆறுமுகம் அவள் வீட்டில் விறகு பிளந்துகொண்டிருந்தான் என்று, அந்தக் குடியிருப்பின் வீட்டுப் பேச்சான மலாயில் சொன்னாள். "அப்படியானால் எட்டு மணிக்குள் கோடவுனுக்குப் போயிருக்கலாமே" என்றார் நீதிபதி. கோயில் பூசைக்காக அவளும் வீட்டுக் கடிகாரத்தைத் தொடாமல் வைத்திருந்தாள். அவளுடைய ஆறரைதான் அவர்களுடைய எட்டு. அதைச் சொன்னால் ஆறுமுகம் பிழைப்பான், அவள் மாட்டுவாள்.

சபாபதி எழுந்தார். "அந்த அம்மா வீட்டில் கடிகாரமே இல்லை. என்னிடம்தான் நேரம் கேட்பார். என்னுடையது பழைய நேரம்" என்று கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கட்சிக்காரன் ஒரு பொய் சொன்னால் வழக்குக் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிற மனிதர், கோர்ட்டில் சொன்ன ஒரே பொய் அது.

ஆறுமுகம் வீட்டுக்குப் போனான். கடிகாரத்தைத் தள்ளாத குற்றத்துக்கு இவர் பத்து நாள் உள்ளே இருந்தார். அங்கே பிடித்த மலேரியாக் காய்ச்சல்தான் அவரைக் கொண்டுபோனது. கொயினா மருந்துக்காக நான் ஏறாத படியில்லை. படுக்கையில் கிடந்துகொண்டு, "அடுத்த வழக்குக்கு மனு எழுதிட்டியா?" என்று என்னைக் கேட்கிறார். இந்த வீம்பு யாருக்காக என்று அவர் முகத்துக்கு நேரே கேட்டு அழுதேன்.

அவர் போன மறுநாள், லாக்கப்பில் கிடந்த அந்த அடுத்த வழக்குக்காரனின் மனைவி வந்தாள். வக்கீல் இல்லை, வேறு இடம் பாரம்மா என்று சொல்லி ஆபீசைப் பூட்டத்தான் சாவியோடு நின்றேன். வாயைத் திறந்தால், "அவர் சாப்பிட்டாராம்மா?" என்று வந்தது. சாவியைப் பையில் போட்டுக்கொண்டு மனு எழுத உட்கார்ந்தேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்விதான். செத்தும் என்னைச் சும்மா விடவில்லை, பாவி மனுஷன்.