மரியறோசாவுக்கு ஊற்றிய தண்ணீர்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, பிள்ளை மூச்சு விடுகிறதா என்று மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்த ஒரு மத்தியானத்தைப் பற்றிச் சொல்லப்போகிறேன்.

தொண்ணூறாம் ஆண்டு. கோட்டைப் பக்கம் சண்டை மூண்டதால் கடற்கரை ஊரான குருநகரை விட்டு உள்ளே வலிகாமத்துக்கு வந்து, ஒரு தோட்டக்காரர் வீட்டுப் பின்வளவுக் கொட்டிலில் இருந்தோம். அம்மா, அக்கா, அத்தான், நான். அங்கேதான் அக்காவுக்குத் தலைப்பிள்ளை பிறந்தது. பெட்டைப் பிள்ளை. ஒரு கிழமைகூட ஆகவில்லை, பால் குடிப்பதை நிறுத்திவிட்டது. உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. பிறகு அழுகையும் நின்றது. உதடு நீலம் பாய்ந்தது.

அத்தான் கார் தேடிச் சைக்கிளில் ஓடினார். பெற்றோல் இல்லாத காலம். மண்ணெண்ணெயில் ஓடுகிற கார் கிடைத்தால்தான் ஆஸ்பத்திரி. ஞானஸ்நானம் கொடுக்கிற சுவாமியார் இருந்த கோவில் அதைவிடத் தூரம்.

அம்மா என்னைப் பார்த்தார். "தம்பி, நீ படிச்சனி. செபம் தெரியுந்தானே? தண்ணியை ஊத்தடா."

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவன் நான் ஒருவன்தான். சுவாமியார் இல்லாத இடத்தில், சாகக்கிடக்கும் பிள்ளைக்கு யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று மறைக்கல்வியில் படித்திருந்தேன்.

அக்கா பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். "கிட்ட வராதை! நீ ஊத்தினா என்ரை பிள்ளை போயிடும்."

அவளைக் குறை சொல்ல முடியாது. எங்கள் கரையில், வீட்டில் தண்ணீர் ஊற்றிய பிள்ளைகளைச் சவக்காலையில் புதைக்கக் கொண்டுபோகத்தான் பார்த்திருக்கிறோம். அக்காவுக்கும் எனக்கும் இடையில் பிறந்த இரண்டு பேரும் அப்படிப் போனவர்கள். அந்தத் தண்ணீரை வழியனுப்புகிற தண்ணீர் என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். நானுந்தான்.

சின்ன வயதில் எனக்கு ஒரு கேள்வி இருந்தது. நாள் முழுக்கக் கடலில் முழுகுகிறோம், ஒன்றும் நடப்பதில்லை. கையால் அள்ளிய ஒரு சிரங்கைத் தண்ணீரில் அப்படி என்ன நடக்கிறது? மறைக்கல்வி ஆசிரியரிடம் கேட்டேன். "முதல்லை நீ காதைக் கழுவிப்போட்டு வா" என்றார். வகுப்பே சிரித்தது. கேள்வி மட்டும் போகவில்லை.

அன்றைக்கு அதையேதான் செபமாகக் கேட்டேன். 'ஆண்டவரே, இது அனுப்பி வைக்கிற தண்ணீரா, சேர்த்துக்கொள்கிற தண்ணீரா? எனக்குத் தெரியாது. நீர்தான் காட்ட வேண்டும்.'

அப்போது அம்மாவின் சத்தம் கேட்டு, வீட்டுக்காரரின் மருமகள் சிவகாமி செம்பில் தண்ணீரோடு வந்தாள். அக்காவின் வயதுதான் இருக்கும். சைவக்காரி, எங்கள் சடங்கு ஒன்றும் தெரியாது.

"இந்தாங்கோ, இப்பதான் கிணத்திலை அள்ளினது. பிள்ளைக்கு என்ன பேர்?"

"இன்னும் வைக்கேல்லை. தண்ணி ஊத்தேக்கைதான் பேர் சொல்லுறது" என்றேன்.

"ஓமோ? பேர் வைக்கிறது கூப்பிடத்தானே அக்கா? பிறகேன் பயப்பிடுறியள்?"

அக்கா நெஞ்சோடு இறுக்கியிருந்த கையைத் தளர்த்தினாள். பிறகு பிள்ளையை என் பக்கம் நீட்டினாள். "மரியறோசா எண்டு சொல்லு" என்றாள்.

செம்பை வாங்கி ஊற்றிக்கொண்டே சொன்னேன். "மரியறோசா, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்." தண்ணீர் நெற்றியில் பட்டதும் முகத்தைச் சுளித்தாள். ஒரு சிணுங்கல். அவ்வளவுதான். அந்தச் சிணுங்கலுக்கு நாங்கள் எல்லோரும் அழுதோம்.

அத்தான் காரோடு வந்தார். ஆஸ்பத்திரியில் நெஞ்சுச் சளி என்றார்கள், மருந்து ஏற்றினார்கள். பிள்ளை பிழைத்தது.

தண்ணீர்தான் காய்ச்சலை மாற்றியது என்று நான் சொல்ல வரவில்லை. மருந்தும் காரும் கர்த்தர் தந்தவைதான். ஆனால் என் கேள்விக்கு அந்த மத்தியானமே பதில் கிடைத்தது: அது சேர்த்துக்கொள்கிற தண்ணீர். அவள் பிழைத்தாலும் போனாலும், கர்த்தர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார். எனக்கு மூத்த இரண்டு பேரையுங்கூட அப்படித்தான். அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர்களுடைய பெயர்களை அம்மா வாய்விட்டுச் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.

பிறகு அக்கா வெள்ளைச் சட்டை தைத்துக்கொண்டு சுவாமியாரிடம் போனாள். "சுவாமி, உவன் அவசரத்திலை ஊத்தினவன். நீங்கள் ஒருக்கா வடிவா ஊத்திவிடுங்கோ."

சுவாமியார் சிரித்தார். "பெத்த பிள்ளையைத் திரும்பவும் பெறுவியே?" எண்ணெய் பூசினார், மெழுகுதிரி கொடுத்தார். நான் ஊற்றியதே போதும் என்று தண்ணீரைத் தொடவில்லை.

உங்கள் வீட்டிலும் அந்தத் தண்ணீருக்குப் பயந்து யாராவது ஊற்ற வருகிறவரின் கையைத் தள்ளினால், இதைச் சொல்லுங்கள். பயப்படாமல் பெயரைச் சொல்லுங்கள்.

நாலு வருடமாகியும் நாங்கள் இன்னும் அந்தக் கொட்டிலில்தான் இருக்கிறோம். இதை எழுதும்போது கிணற்றடியில் சிவகாமியின் குரல் கேட்கிறது. "எடி மரியறோசா!"

"வாறன் மாமி!" என்று ஓடுகிறாள்.