ஆறிய தழும்பு

தாராவியில் எங்கள் சந்தில் ஒருவனுக்கு வளைகுடாவில் வேலை உறுதியானால், அவன் பெட்டி வாங்குவதற்கு முன்பே பொட்டலங்கள் வந்து சேர்ந்துவிடும். அங்கே இருக்கிற புருஷனுக்கு, மகனுக்கு, மச்சினனுக்கு என்று முறுக்கு, ஊறுகாய், இட்லிப்பொடி, வேட்டி. எனக்கும் வந்தன. ஏசி மெக்கானிக் வேலைக்கு இன்டர்வியூவில் தேறியிருந்தேன். பாக்கி இருந்தது மெடிக்கல் மட்டும். எங்கள் ஆட்களுக்கு மெடிக்கல் ஒரு பொருட்டே இல்லை. கைகால் நன்றாக இருக்கிறவனை எவன் கழிப்பான்? அண்ணன் வீட்டில் நான் படுக்கிற மூலையில், தலைமாட்டில் பொட்டலங்களை அடுக்கி வைத்திருந்தேன்.

இளவயதில் எனக்கு டிபி வந்திருந்தது, சந்துக்கே தெரியும். அதை மறந்தேபோயிருந்தேன் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் நிஜம் அதுதான். அரசாங்க டிஸ்பென்சரியில் வரிசையில் நின்று அண்ணன்தான் மாத்திரை வாங்கி வருவான். ஒரு வேளை விடாமல் விழுங்கினேன். முழுசாகக் குணமாகிவிட்டது, இனி இந்தப் பக்கம் வராதே என்று டாக்டரம்மா சிரித்துக்கொண்டே துரத்திவிட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ கட்டடங்களில் தொங்கிக்கொண்டு ஏசி மாட்டியிருக்கிறேன். ஒரு நாளும் மூச்சு வாங்கியதில்லை.

மெடிக்கல் மாஹிமில். டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். டிபி இருந்ததா என்று ஹிந்தியில் கேட்டார். இருந்தது, குணமாகிவிட்டது என்றேன். அவரும் ஒத்துக்கொண்டார். இப்போது நோய் இல்லை, உன்னிடமிருந்து யாருக்கும் ஒட்டாது, இது வெறும் தழும்புதான் என்று பொறுமையாக விளக்கினார். விளக்கிவிட்டு ‘அன்ஃபிட்’ என்று எழுதினார். எனக்கு நோய் இல்லை என்று நீங்களே சொல்கிறீர்களே, பிறகு ஏன் என்று கேட்டேன். தழும்பு தெரிந்தாலே அந்தக் கம்பெனி எடுக்காது, விதி அப்படி, என் கையில் எதுவும் இல்லை என்றார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. வளைகுடாவில் ஒரே அறையில் பலபேர் தூங்க வேண்டும். நோய் இருக்கிறதா என்று பார்க்கட்டும், வேண்டாமென்று நான் சொல்லவில்லை. இல்லாத நோய்க்கு எதற்குத் தண்டனை? டிஸ்பென்சரியில் என் நெஞ்சைப் படம் எடுத்தது என்னைப் பிழைக்க வைக்க. இங்கே எடுத்தது கழித்துக்கட்ட. அந்த டாக்டர் அத்தனை நேரம் விளக்கியதில் எங்கள் சந்துக்கு வந்து சேர்ந்தது ‘அன்ஃபிட்’ என்ற அந்த ஒரு வார்த்தை மட்டும்தான்.

அண்ணனிடம் சொன்னபோது அவன் முகம் சுருங்கியது.

“சரியாப் போச்சுன்னுதான அன்னைக்குச் சொன்னாவ? இப்ப எப்படில திரும்ப வந்துச்சி?”

“வரலண்ணே. பழைய தழும்பு அது.”

அவன் தலையாட்டினான். நம்பியது போலத்தான் இருந்தது. வேலை போனதைப் பற்றி நான் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை, பம்பாயில் ஏசிக்கா பஞ்சம்? நான் நோயாளி இல்லை என்று யாராவது ஒருத்தர் நம்பினால் போதும் என்றிருந்தது.

மறுநாள் பொட்டலங்களைத் திருப்பிக் கொடுக்கப் புறப்பட்டேன். எதிர்வீட்டு அக்காவின் புருஷன் வளைகுடாவில் டிரைவர். அவள் வாசலிலேயே நின்றுகொண்டாள், கையை நீட்டவில்லை.

“இருக்கட்டும் தம்பி, நீயே தின்னு. பெறவு யாரும் போனா வேற சுட்டுக் குடுத்துவிடுதேன்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்தேன். அடுத்த வீட்டிலும் அதே பேச்சு. அதற்கடுத்த வீட்டில், மகனுக்கென்று கொடுத்திருந்த புது வேட்டியையும் நீயே வைத்துக்கொள் என்றாள் அவன் அம்மா. முறுக்கை என்னோடு விட்டார்கள் சரி, மடிப்புக் கலையாத வேட்டியையுமா? அப்போதுதான் மண்டையில் உறைத்தது. மற்ற வீடுகளுக்குப் போகவில்லை. சந்து முழுக்க ஆட்கள் நடமாட, எனக்கு மட்டும் பேச ஆள் இல்லை.

சாயங்காலம் மதினி டீ போட்டாள். முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துத் தட்டில் கொட்டி நடுவில் வைத்தேன். மதினி பல்வலி என்றாள். அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒன்றை எடுத்தான். அப்பாடா என்று இருந்தது. முறுக்கென்றால் அவனுக்கு உயிர். போன் வந்தது, முறுக்கும் கையுமாக வெளியே போனான். பேசி முடித்துத் திரும்பி வந்து உட்கார்ந்தான்.

“முறுக்கு நல்லாருக்குல,” என்றான்.

டம்ளரைக் கழுவ வெளியே போனேன். தண்ணீர் டிரம் மூடியின் மேல் அந்த முறுக்கு இருந்தது. ஓரத்தில்கூடக் கடிக்கவில்லை. அங்கேயே நின்று அதைத் தின்றேன். நல்ல முறுக்குதான்.