மாமன் மடி

மக்கள்தொகை எப்படிக் குறைகிறது என்பது ஒரு குழந்தைக்குக் காது குத்தும்போதுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் பனியன் கம்பெனியில் தைக்கும் அக்கா ஒருவர், நல்லூர்க் கோயிலில் தன் மகளுக்குக் காது குத்த ஏற்பாடு செய்திருந்தார். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். அக்கா ஒற்றைப் பிள்ளை, அண்ணன் தம்பி இல்லை. மாமனாக வரவிருந்த சித்தப்பா மகனோ, ஷிப்மென்ட் இன்னும் கிளம்பவில்லை, வர முடியாது என்று போனில் சொல்லிவிட்டார். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது.

“எனக்கு நாலு மாமனுங்க. யாரு மடின்னு சண்டையே வந்துச்சு,” என்றார் அக்காவின் அப்பா.

“என்னைய ஒண்ணோட நிறுத்திப்போட்டு இப்பப் பெருமை பேசுங்க,” என்றார் அக்கா.

“ரெண்டு பேரும் வேலைக்குப் போனோம். உன்னையப் படிக்க வெக்கறதே பெரும்பாடாப் போச்சு கண்ணு.”

அக்கா என் பக்கம் திரும்பினார். “தம்பி, நீங்க உக்காருங்க.”

உட்கார்ந்தேன். குழந்தை வெதுவெதுப்பாக என் மேல் சாய்ந்தது. எல்லாம் கனவு போல விரிந்தது. பிறக்கும் பிள்ளைகள் பிழைக்கத் தொடங்கிய காலத்தில் வீடுகள் நிரம்பி வழிந்தன. வீட்டுக்கு இரண்டு என்றானதும் கூட்டம் வளர்வது மெல்ல நின்றது. ஒன்று என்றானதும் மாமன்களும் அத்தைகளும் ஒவ்வொருவராகக் கரைகிறார்கள். நானும் ஒற்றைப் பிள்ளைதான். மாமன் ஆவேன் என்று நினைத்ததே இல்லை. ஊசி பட்டதும் குழந்தை வீறிட்டு என் சட்டையைப் பிடித்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு கிளம்பப்போகிறேன். தலைமுறைக்கு எத்தனை மாமன்கள் என்று எங்கள் தெருவில் வீடு வீடாகக் கேட்பேன், எதிரே வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் இருக்கும் வடக்கத்திக் குடும்பங்களிடமும். அதற்குள் கொஞ்சம் இந்தி பழக வேண்டும். முதலில் அக்கா வீடு. மாமன் வெறுங்கையோடு போகக்கூடாது. ஒரு ஜோடி கொலுசு வாங்க வேண்டும்.