காபெட்டுக்கு ஒரு வேக்யூம்

நான் இருக்கும் இங்கிலாந்து ஊரில் மழைச் சேறு ஒட்டிய சப்பாத்தோடு காபெட் விரிப்பில் நடப்பார்கள். பத்து வருடமாகியும் எனக்கு அது பழகவில்லை. பார்க்கும்போதெல்லாம் உடம்பு கூசும். இந்த முறை விடுமுறைக்கு இலங்கையில் கண்டிக்கு வந்தால், மஹய்யாவப் பகுதியில் உள்ள எங்கள் வீட்டு முன்னறையிலும் காபெட். தம்பி வேலை செய்யும் ஹோட்டலில் பழையதைக் கழற்றியபோது, நல்ல துண்டாகப் பார்த்து வாங்கி வந்து விரித்திருக்கிறான். இங்கே என்னடாவென்றால், செருப்பைக் கழற்றி, காலையும் கழுவித் துடைத்துவிட்டுத்தான் அதில் கால் வைக்கிறார்கள். அங்கே காபெட்டுக்கு இதில் பாதி மரியாதை கிடைத்திருந்தால் என் முதுகு தப்பியிருக்கும்.

அம்மா முப்பது வருடம் கண்டித் தெருக்களைக் கூட்டியவர். புழுதி அடங்கத் தண்ணீர் தெளித்துவிட்டுக் கூட்டுவதுதான் அவர் பழக்கம். காபெட்டுக்கும் அதையே செய்திருக்கிறார்: தினமும் தண்ணீர் தெளித்து, தும்புத்தடியால் இழுத்து இழுத்துக் கூட்டியிருக்கிறார். காபெட் ஊறி வீச்சமெடுத்தது. அடியில் தங்கிய தூசால் அம்மாவுக்கு இழுப்பு வந்துவிட்டது. காபெட்டைத் தூக்கவும் தம்பிக்கு மனமில்லை. தூசை உறிஞ்சும் வேக்யூம் மெஷின் ஒன்று வாங்கலாம் என்று நான்தான் சொன்னேன். சொன்ன பிறகுதான், அதை அம்மா முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டிவருமே என்று உறைத்தது.

சின்ன வயதில் நான் தும்புத்தடியைத் தொட்டாலே அம்மா பறித்துக்கொள்வார். இந்த வேலை என்னோடு போகட்டும், நீ புத்தகத்தை எடு என்பார். அவருடைய பிடிவாதத்தில்தான் நான் படித்தேன், கப்பலேறாத குறையாகக் கடல் தாண்டினேன். அங்கே ஆபிஸில் வேலை என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். ஆபிஸ்தான், பொய்யில்லை. விடிவதற்கு முன்னே போய், அங்கு உட்கார்ந்து வேலை செய்பவர்கள் வருவதற்குள் காபெட்டையெல்லாம் சுத்தம் செய்துவிட்டு வெளியேறுகிறேன். அந்த வேலையில் எனக்கு வெட்கமில்லை, சத்தியமாக. ஆனால் தன் முப்பது வருடமும் வீணாய்ப் போயிற்றென்று அம்மா நினைத்துவிடுவாரோ என்ற பயம் மட்டும் பத்து வருடமாக என்னை விடவில்லை.

டவுன் கடைக்கு அம்மாவும் கூடவே வந்தார். விற்பனையாளர் என்னைப் பார்த்ததும் இங்கிலீஷில் ஆரம்பித்தார். நான் சிங்களத்தில் கேட்டேன். அவர் இங்கிலீஷிலேயே பதில் சொன்னார். நான் பிறந்த ஊரில் எனக்கு இந்த உபசாரம். அதிக வாட் சக்தி உள்ளதுதான் சிறந்தது என்று பெரிய மெஷினைக் காட்டி, உங்கள் வேலைக்காரிகூட இலேசாகப் பாவிக்கலாம் என்றார். நல்லவேளை, அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது.

வாட் எவ்வளவு இருந்தாலும், மெஷின் வாயில் சுழலும் பிரஷ் இல்லாவிட்டால் அது காபெட்டை மேலால் தடவிவிட்டுப் போகும், அவ்வளவுதான். நான் விலை குறைந்த ஒன்றைக் கவிழ்த்து, பிரஷ் சுற்றுகிறதா, சிக்கும் முடியை எடுக்கக் கழற்ற முடியுமா, ஃபில்டரைக் கழுவலாமா என்று பார்த்தேன். விற்பனையாளர் கடையின் மாதிரிக் காபெட்டில் ஒரு பிடி தேயிலைத்தூளைக் கொட்டி, முயன்று பாருங்கள் என்றார். அங்கேதான் என் கை என்னைக் காட்டிக்கொடுத்தது. வயரை வளையமாக்கி இடது தோளில் போட்டேன். தூர மூலையிலிருந்து தொடங்கி, மெதுவாக இழுத்து, பின்பக்கமாகவே நடந்து வந்தேன். நிமிர்ந்தபோது காபெட்டில் ஒரு துகள் இல்லை. அம்மா காபெட்டைப் பார்க்கவில்லை, என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மெஷினையே வாங்கினோம். திரீவீலரில் பெட்டி எங்கள் நடுவே இருந்தது. வீட்டில் யாரும் இல்லை. முன்னறை முழுவதையும் நான் சுத்தம் செய்து முடிக்கும் வரை அம்மா வாசல் நிலையில் சாய்ந்து நின்றார்.

"வீட்டுக்காரங்க முன்னால தள்ளிக்கிட்டுப் போவாங்க. கூட்டின இடத்துல காலடி விழாம பின்னால நடக்கிறது சம்பளத்துக்குக் கூட்டுறவங்க," என்றார். பிறகு, "எத்தன மாடி கூட்டுற, பாப்பா?"

நான் வயரைச் சுற்றிக்கொண்டே சொன்னேன், "ஏழும்மா."

கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டதோ வேறு.

"நடுவுல உக்கார விடுவாங்களா?"

அங்கே மாடிக்கு மாடி வரிசையாகக் கதிரைகள். ஒவ்வொன்றையும் இழுத்து, அடியில் சுத்தம் செய்து, திரும்பவும் அதே இடத்தில் வைக்கிறேன், ஒன்றிலும் உட்கார்ந்ததில்லை. இங்கே, வந்த நாளிலிருந்து தம்பி மனைவி ஒரு கதிரையைத் துடைத்துப் போட்டு, வெளிநாட்டிலிருந்து வந்தவள் என்று என்னை எழும்பவே விடுவதில்லை.

இல்லை என்று தலையாட்டினேன். அழுகை வந்துவிட்டது. அம்மா மெதுவாகக் காபெட்டில் இறங்கிக் காலை நீட்டி உட்கார்ந்து, என் கையைப் பிடித்து இழுத்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கென்று போட்ட கதிரை பக்கத்திலேயே சும்மா கிடந்தது.