ஏழாவது கிளை

மெருகுக்காரருக்கு வயது ஐம்பத்தெட்டு. வெண்கல வார்ப்புப் பட்டறையில் முப்பத்தொரு ஆண்டுகள். வார்த்தெடுத்த சிற்பத்தில் வேண்டாததை அறுத்து, அரத்தால் ராவி, மெருகேற்றுவது அவர் வேலை. இரண்டு ஆண்டுகளாக வலது கண்ணில் புகைமூட்டம். இடது கண்ணும் அதே வழியில் போய்க்கொண்டிருந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை, மனைவியிடம்கூட. கை நடுங்கிய வார்ப்புக்காரரை முதலாளி ஒரே வாரத்தில் வீட்டுக்கு அனுப்பியதைப் பார்த்தவர் அவர்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது ஒரு சிற்பி அம்மாவின் வேலை. மண்ணிலிருந்து பிடுங்கிய வேர் போல இருக்கும், ஆனால் எந்த மரத்தின் வேரும் அல்ல. நாலடி உயரம், ஏழு கிளைகள். நடுநடுவே, உருகிய வெண்கலம் ஓடிய வழிகள் இறுகி ஐந்து தண்டுகளாக நின்றன. தண்டுகளை மட்டும் அறுக்க வேண்டும். அடையாளத்துக்கு அவற்றில் சிவப்புச் சாக்குக்கட்டியால் குறி போட்டவர் அவருடைய மைத்துனர், மனைவியின் தம்பி. பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

"இது என்ன மாமா, கிழங்கா? வேக வெச்சா திங்கலாமா?"

"உன் பல்லுதான் போகும். போய் வேலையைப் பாருடா."

சிவப்பு அவருக்குத் தெரியவில்லை. கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். விரலால் தடவிப் பார்த்து, நேராக இருந்ததையெல்லாம் தண்டு என்று எடுத்துக்கொண்டார். நான்கு சரியாக விழுந்தன. ஏழாவது கிளையை மட்டும் சிற்பி பட்டுப்போன கொம்பு போல நேராக விட்டிருந்தார். ஐந்தாவதாக விழுந்தது அது.

சத்தம் கேட்டு மைத்துனர் ஓடி வந்தார். குறியோடு நின்ற தண்டைப் பார்த்தார், பிறகு மாமாவின் கண்களை.

"எத்தனை நாளா மாமா?"

முதலாளியின் செருப்புச் சத்தம் நெருங்கியது. மைத்துனர் சட்டைக் கையால் தண்டிலிருந்த சிவப்பை அழுத்தித் துடைத்தார். கீழே கிடந்த கிளையில் ஒரு சிவப்புக் கோடு இழுத்தார்.

"யாருய்யா குறி போட்டது?"

"நான்தாங்க. மாத்திப் போட்டுட்டேன்."

"ஆறு மாசம் அந்த அம்மா உயிரைக் குடுத்துச் செஞ்சது! நாளையிலேருந்து நீ வராதே."

மெருகுக்காரர் வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது. இருமி முடிப்பதற்குள் மைத்துனர் சாப்பாட்டுப் பையோடு வாசலைத் தாண்டியிருந்தார்.

கிளையைப் பற்றவைத்த பின், ஒட்டிய தடம் தெரியாமல் ராவும் வேலை அவருக்கே வந்தது. மூன்று நாள். பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டே செய்தார். "உங்க கைக்கு ஈடு கிடையாதுய்யா" என்று முதலாளி முதுகில் தட்டினார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மனைவி பொரிந்து தள்ளினாள். "அவனுக்கு என்னைக்குப் புத்தி ஒரு இடத்துல நின்னுச்சு? உங்க மானத்தையும் சேர்த்து வாங்கிட்டான். இனிமே இந்த வாசப்படியை மிதிக்கட்டும், பேசிக்கிறேன்."

"சரி, விடு" என்றார் அவர்.