நான் வெட்டி எறிந்த பத்தி

எங்கள் கத்தோலிக்கக் கோயில் பங்கின் பள்ளிக்கூடத்தை என் அம்மாதான் தொடங்கினாள். வேறு யாராவது தொடங்கியதாகச் சொன்னால் எனக்கு இன்றும் ரத்தம் கொதிக்கும்.

ஐம்பதுகளின் தொடக்கம். பூனாவில், ராணுவத்துக்கு வெடிமருந்து செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்த தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் ஞாயிறு பூசைக்குப் போகும் சின்னக் கோயில் அது. அதன் பின்வராந்தாவில் அம்மா பதினேழு பிள்ளைகளை உட்காரவைத்துத் தமிழ் எழுத்துப் பழக்கினாள். கரும்பலகை கிடையாது. ராணுவ முகாமில் கழித்துப்போட்ட ஒரு கதவுக்கு அப்பா கறுப்புச் சாயம் பூசிக்கொடுத்தார். மூன்றாம் வருஷம் பங்குச்சாமியார் பக்கத்து நிலத்தில் கட்டடம் எழுப்பினார். ஷிப்டு முடிந்து வந்த தமிழ் ஆண்கள்தான் கல் சுமந்தார்கள்.

கட்டடம் எழுந்ததும் பள்ளிக்குச் செயலாளர் ஒருவர் வந்தார். கோவாக்காரர், ரயில்வேயில் பெரிய உத்தியோகம். கோயிலில் முதல் பெஞ்சு அவருக்கு. புதுக் கட்டடத்தில் இங்கிலீஷ் வகுப்புகள் நடந்தன. அம்மாவின் வகுப்பு மட்டும் வராந்தாவிலேயே கிடந்தது.

எனக்குப் பத்து வயதில் முதல் பரிசளிப்பு விழா. அம்மா எங்களுக்கு ஒரு மாதாப் பாட்டுப் பழக்கியிருந்தாள். மேடையோரம் எங்களை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தவளைச் செயலாளர் கையால் விலக்கினார்.

“ஆயா லோக் பீச்சே” என்றார். ஆயாக்கள் பின்னால் போகட்டுமாம்.

அவள் யாரென்று அவருக்கு நன்றாகத் தெரியும். அம்மா தண்ணீர்ப்பானை இருந்த மூலையில் போய் நின்றாள். முதலடி எடுத்துக்கொடுக்க ஆளில்லாமல் நாங்கள் இரண்டாவது வரியிலேயே கலைந்தோம். முன்வரிசை சிரித்தது. அடுத்த ஜூனில் தமிழ் வகுப்பை மூடிவிட்டார்கள். தமிழ்ப் பெற்றோருக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று செயலாளர் எழுதிக்கொடுத்த காரணத்தைச் சாமியார் பூசையில் வாசித்தார். அம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

நான் அதை ஆறவிடவில்லை. ஜெபம் சொல்லும்போது பரலோக மந்திரத்தில் பிறரை மன்னிக்கும் வரி வந்தால் வாயை மூடிக்கொள்வேன். அப்படியே பன்னிரண்டு வருஷம்.

அறுபதுகளின் நடுவில் நான் கேம்ப்பில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். பங்குக்குப் புதுச் சாமியார் வந்திருந்தார். திருவிழாவுக்குப் பங்கின் வரலாற்றைக் கொடுக்கவேண்டும், டைப் செய்து ஸ்டென்சில் வெட்டித் தருவாயா என்று கேட்டார். எழுதியவர் அதே செயலாளர். இங்கிலீஷில் நாலு பக்கம். நாலாவது பத்தியில் பள்ளியைத் தொடங்கியவர் என்று தன் பெயரையே போட்டிருந்தார். வராந்தா ஓர் இடத்திலும் இல்லை.

அந்தப் பத்தியை நான் டைப் செய்யவே இல்லை. மற்ற மூன்று இடங்களில் இருந்த அவர் பெயரையும் எடுத்துவிட்டேன். பதிலுக்கு, பள்ளி கோயில் வராந்தாவில் தொடங்கியது, தொழிற்சாலைத் தமிழர்கள் கல் சுமந்து கட்டினார்கள் என்று இரண்டு வரி சேர்த்தேன். சாமியார் படித்துப் பார்க்காமலே சைக்ளோஸ்டைலில் நகலெடுக்க அனுப்பினார்.

திருவிழாப் பூசை முடிந்து எல்லார் கையிலும் தாள். செயலாளர் புதுச் சம்பந்திகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தார். திருப்பினார். மறுபடி முதலிலிருந்து வாசித்தார். பிறகு நேராக என்னிடம் வந்தார்.

“என் பத்தி எங்கே?”

“நாங்க அக்கறை இல்லாதவங்க பெத்த பிள்ளைங்க சார். தப்பு வரத்தான் செய்யும்” என்றேன் இந்தியில், சம்பந்திகளுக்கும் கேட்கும்படி.

அவர் அதற்குப் பிறகு பல மாதம் வேறு கோயிலுக்குத்தான் பூசைக்குப் போனார். அன்றைய திருவிழாச் சாப்பாடுபோல எனக்கு எதுவும் ருசித்ததில்லை.

வீட்டில் அம்மா தாளை வாங்கினாள். இங்கிலீஷ் தெரியாது, வரிகளின்மேல் விரலை ஓட்டினாள்.

“ஏட்டி, எம் பேரு எந்த எடத்துல இருக்கு? காட்டு.”

செயலாளர் பெயரை அழிக்க நாலு பக்கத்தையும் சல்லடை போட்டுத் தேடிய எனக்கு அம்மாவின் பெயரை எழுதத் தோன்றவே இல்லை.

வராந்தா என்ற சொல்லின்மேல் விரல் வைத்து, “இந்தா இருக்கும்மா” என்றேன்.

அவள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, தாளை மடித்து ஜெபப் புத்தகத்தில் வைத்துக்கொண்டாள்.

அந்தப் பொய்யைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி அழுதேன். செயலாளருக்குச் செய்ததை இதுவரை எந்தச் சாமியாரிடமும் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டேன்.