என் அழுகைக்குச் சத்தம் வந்த நாள்

என் காதுகுத்தில் நான் அழுத அழுகையை ஊரே கேட்டது. ஆனாலும் அதை டிவியில் ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஒரே பிடிவாதம். அப்போது எனக்கு ஒன்பது வயது. அந்தப் பிடிவாதத்தால் யாருக்கு என்ன போனது என்று இன்றைக்குத் தெரிகிறது. தெரிந்து இனி என்ன செய்வது.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ரிஷிவந்தியத்தில் வீடியோ கடை வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று எல்லாவற்றையும் எடுத்து, கம்ப்யூட்டரில் பூப்பூவாய்ப் பறக்கவிட்டு சிடி போட்டுத் தருவார். எங்கள் சொந்தத்தில் கம்ப்யூட்டர் என்றால் அவர்தான். என்னை உட்காரவைத்துக் காது குத்தியதும் அவர் மடியில்தான், தாய்மாமன் ஆயிற்றே.

பெரியப்பா கரும்பு வெட்டு முடிந்த கையோடு சுவர் அகலத்துக்கு ஒரு டிவி வாங்கியிருந்தார். அதில் என் காதுகுத்தைச் சொந்தபந்தம் எல்லாம் உட்கார்ந்து பார்ப்பது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்பாடு. மாமா புது கிராபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டரை, கார்டு வந்த அட்டைப்பெட்டியோடு ஆட்டோவில் ஏற்றித் திருக்கோவிலூரில் பெரியப்பா வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஸ்பீக்கரைக் கடையிலேயே விட்டுவிட்டார். ஒரே ஒயரில் படமும் சத்தமும் டிவிக்குப் போய்விடும் என்று கார்டு விற்றவன் சொல்லியிருந்தானாம்.

அக்காவுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை வேறு காரணத்துக்காக முக்கியம். பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்துவிட்டு, மேலே இன்ஜினியரிங் சேர விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தாள். அப்பா கையெழுத்துப் போட வேண்டும். அப்பா எதற்கும் மறுக்காமல் கையெழுத்துப் போடுகிற மனிதர்தான், அண்ணனைக் கேட்ட பிறகு. வீடியோ பார்த்து முடித்ததும் கேட்கிறேன் என்று அவளுக்குச் சொல்லியிருந்தார். விண்ணப்பம் கசங்காமல் இருக்க ஒரு நோட்டுக்குள் வைத்து எடுத்து வந்திருந்தாள்.

படம் வந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு அழுகிறேன், ஆசாரி கம்பியோடு குனிகிறார், ஆனால் சத்தம் இல்லை. மாமா ஒயரைப் பிடுங்கிச் செருகினார், ரிமோட்டை அழுத்தினார், வியர்த்து விறுவிறுத்துப்போய்க் கடைசியில் பழியை டிவி மேல் போட்டார். பெரியப்பாவுக்குச் சுருக்கென்றது.

"டிவிக்கு இன்னா கேடு மச்சான்? நேத்து பூரா பாட்டு கேட்டுக்கினுதான இருந்தோம்."

அடுப்படி வாசலில் என்னோடு நின்றிருந்த அக்கா மெல்லச் சிரித்தாள். அட்டைப்பெட்டியில் கிடந்த சின்னப் புத்தகத்தை வந்தவுடனே படித்திருந்தாள்.

"அந்தக் கார்டு தானா படத்த மட்டுந்தான்டி அனுப்பும். சத்தம் உள்ள மதர்போர்டுல கீது. அங்கேருந்து கார்டுக்கு ஒரு சின்ன ஒயர் போவணும். பெட்டியிலயே கெடக்குது பாரு, பிரிக்கக்கூட இல்ல."

"அப்ப போய்ச் சொல்லுக்கா."

"சொன்னா மாமா மூஞ்சி இன்னாத்துக்கு ஆவும்? வாய மூடிக்கினு நில்லு."

நான் என்றைக்கு வாயை மூடியிருக்கிறேன்? "அக்காவுக்குத் தெரியும்! மாமாவுக்குத்தான் தெரியல!" என்று கூடமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

பெரியப்பா கூப்பிட்டார், போகாமல் இருக்க முடியுமா? கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் பக்கத் தகட்டைக் கழற்றினாள். பிரிக்காத பொட்டலத்தைப் பிரித்து, விரல் நீள ஒயரின் ஒரு முனையை மதர்போர்டிலும் மறுமுனையைக் கார்டிலும் குத்தினாள். மறுபடி போட்டு, சத்தம் எந்த வழியாகப் போக வேண்டும் என்பதைத் திரையில் மாற்றினாள். அவ்வளவுதான். என் அழுகை வீடே அதிர வந்தது. எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள். நானோ என்னால்தான் எல்லாம் நடந்தது என்று குதித்தேன். பாவி, அதுவும் உண்மைதான்.

அக்கா கைத்தூசியைத் துப்பட்டாவில் துடைத்தபடி அப்பாவைப் பார்த்தாள். இப்போது கேட்டால் நடந்துவிடும் என்கிற பார்வை. அவள் முகத்தில் அத்தனை சந்தோஷத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை.

முந்திக்கொண்டவர் பெரியப்பா. "பாத்தியாடா தம்பி, உம் பொண்ணுக்கு எல்லாந்தான் தெரியுதே. இதுக்கு மேல இன்னாத்துக்குப் படிப்பு?" என்றவர், அதுவரை மச்சான் என்று அழைத்த மாமாவின் பக்கம் திரும்பி, "இன்னா மாப்ள, கடைக்கு ஆளு தேடிக்கினு இருந்தியே. வூட்லயே கீதே!" என்றார்.

கூடம் மறுபடி சிரித்தது. தலை குனிந்திருந்த மாமாவும் சிரித்தார். தன் தம்பிக்கு முறைப்பெண் கைவிட்டுப் போய்விடுவாளோ என்று பயந்துகொண்டிருந்த அம்மா எல்லாரையும்விட ஜாஸ்தி சிரித்தாள். அப்பா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதையும் கேட்கவில்லை. அக்காவிடமும் யாரும் எதையும் கேட்கவில்லை.

ஆவணியில் கல்யாணம். மாமா அவளைவிடப் பதினோரு வயது மூத்தவர். இன்றைக்கும் அந்தக் கடையில் வெட்டுவது, ஒட்டுவது, பாட்டுச் சேர்ப்பது எல்லாம் அக்காதான். கடை வாசல் போர்டில் படமாகச் சிரிப்பது மாமா. அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் மனசாரத் திட்டவாவது செய்யலாம். இப்போது திட்ட என்னைத் தவிர ஆள் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊர் திரும்பும் பஸ்ஸில், மாமாவைக் கட்டினால் அக்கா எனக்கு அத்தை முறை ஆகிவிடுவாள் என்று அம்மா சொல்லிக்கொடுத்தாள். எனக்குத் தாங்க முடியாத குஷி. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அக்காவின் கன்னத்தை என் பக்கம் திருப்பி "அத்தே, அத்தே" என்று பாடினேன். பளாரென்று அறைந்தாள். அதற்கு முன் அவள் என்னை அடித்ததே இல்லை. அழுதுகொண்டே போய் அம்மாவிடம் சொன்னேன்.

"அவளுக்கு வெக்கம்டி" என்றாள் அம்மா.

அக்காவின் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. கல்யாணப் பெண்ணுக்கு வெட்கம் வந்தால் கண் இப்படித்தான் ஆகும் போலிருக்கிறது என்று நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.